ஓட்டை போட்ட குண்டுமணி

டீச்சர்,

போன வியாழக்கிழமை நம் பால்வாடியில் ஒரு பவுடர் டப்பா குலுங்கும் சத்தம் கேட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவன் ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றுவிட்டேன். மல்லாட்டைக் கடலை குலுங்கினால் மொத்தையாகக் கேட்கும். கேப்பை குலுங்கினால் தூறல் மாதிரி இருக்கும். வாழ்நாளெல்லாம் திண்டிவனம் மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்கியவனுக்கு இதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வரும். இது அந்தச் சத்தம் இல்லை. கல் மாதிரி, ஆனால் கல்லைவிட லேசாக. உள்ளே என்ன இருக்கிறது என்று மூடியைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

நீங்கள் போய் நாலு மாசம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உங்களுக்கு ஒரு கடிதம் எழுதியதில்லை. அஞ்சாவதோடு நின்றவன் டீச்சருக்கு எழுதினால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பிவிடுவீர்களே என்று பயம். இப்போது அந்தப் பயம் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லியாக வேண்டும். உங்களுக்குக் கொடுத்த வாக்கை நான் மீறிவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன்.

பால்வாடிக்குப் புது ஷெல்ஃப் வந்திருக்கிறது. பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரம். புது டீச்சர் கோட்டக்குப்பத்துப் பெண். தினமும் பஸ்ஸில் வந்து போகிறது. பிள்ளைகள் தொட்டு, எண்ணி, கோர்த்து, அடுக்கிப் பழக அந்த ஷெல்ஃபில் என்னென்ன வைக்கலாம் என்று முடிவு பண்ண, அம்மாக்களைக் கூப்பிட்டிருந்தது. ஆளுக்கு ஒன்றிரண்டு சாமான் கொண்டுவந்து பாயில் பரப்பி, இது ஆகும், இது ஆகாது என்று பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரி பச்சையம்மாவையும், பழைய ஆயா என்கிற மரியாதைக்கு உட்காரவைத்திருந்தார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாத இடத்துக்குத்தான் நான் முதலில் போவேன் என்று உங்களுக்குத் தெரியுமே.

புது டீச்சர் அந்த டப்பாவைப் பாயில் கவிழ்த்தது. சிவப்பும் கறுப்புமாக ஒரு கை குண்டுமணி.

“எங்க தெரு பக்கத்துல வேலி பூரா இதான். எவ்ளோ அழகா கீது பாருங்க. எண்றதுக்கு வச்சா புள்ளைங்க ஆசையா எண்ணும்.”

அம்மாக்களில் ஒருத்தி குழந்தையை வாரிக்கொண்டு எழுந்துவிட்டாள். “டீச்சர், அத மொதல்ல அள்ளுங்க. ஜல்தி அள்ளுங்க.”

அது ஜெனிபர். மேரியின் மகள். உங்களிடம் படித்தபோது அவளுக்கு மூணு வயசு. இப்போது அவள் இடுப்பிலேயே ஒரு மூணு வயசு உட்கார்ந்திருக்கிறது.

“இத தின்னுட்டுதான் நான் நாலு நாளு விழுப்புரம் ஆஸ்பத்திரில கெடந்தேன். வெசம் இது. அப்ப இங்க ஒரு டீச்சரு இருந்தாங்க. குண்டுமணி டீச்சருன்னே பேரு. இத எடுத்து புள்ளைங்க கையில குடுத்துட்டு அவங்க பாட்டுக்கு மீட்டிங்கு போய்ட்டாங்களாம். எங்கம்மா இன்னும் திட்டிக்கினுதான் கீது.”

புது டீச்சர் முகம் வெளுத்துப்போய், துப்பட்டாவில் மணிகளை அள்ள ஆரம்பித்தது. பச்சையம்மா சொன்னாள்: “அந்தம்மா நல்லவங்கதாம்மா. அன்னிக்கி இன்னாமோ, புத்தி அப்படிப் போயிடுச்சி.”

நான் வாசலிலேயே நின்றேன்.

உங்களுக்கா புத்தி அப்படிப் போகும்? ஒரு சாமான் நம் பால்வாடிக்குள் வர எத்தனை பரீட்சை எழுத வேண்டும் என்று எனக்கல்லவா தெரியும். மேலிடத்திலிருந்து பெட்டியில் வருகிற பிளாஸ்டிக் பழங்களைக்கூட நீங்கள் சும்மா எடுத்து வைத்ததில்லை. முதலில் முகர்ந்து பார்ப்பீர்கள். பிறகு நக்குவீர்கள். சாயம் ஒட்டியிருக்கிறதா என்று நாக்கை நீட்டிப் பச்சையம்மாவிடம் காட்டுவீர்கள். அப்புறம் கடிப்பீர்கள். பீரோ மேலிருந்து கீழே போடுவீர்கள். உடைந்தால், முனை குத்துகிறதா என்று உங்கள் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பீர்கள். கடைசியாக அந்தப் பழைய டார்ச் லைட். பெரிய பேட்டரி போடுகிற குழாய். அந்தக் குழாய்க்குள் போகிற எதுவும் பிள்ளைகளின் தொண்டைக்குள்ளும் போகும் என்பீர்கள். உள்ளே விழுந்தால் அந்தச் சாமானுக்கு வெளியே வழி.

இத்தனையும் தாண்டி வந்ததை ஒரே ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வீர்கள். ஒன்றும் சொல்லித்தர மாட்டீர்கள். டெய்லர் கடை நூல்கட்டையை நீங்கள் அப்படித்தான் எடுத்தீர்கள். அந்தப் பிள்ளை முதலில் உருட்டியது. பிறகு அடுக்கியது. அதற்குப் பிறகு ஓட்டையில் கண்ணை வைத்து உங்களைப் பார்த்தது. “மூணாவதா ஒரு வேல கண்டுபுடிச்சிடுச்சி. இத வச்சிக்கலாம்,” என்றீர்கள். பாவாடை நாடாவின் நுனியை மெழுகில் தோய்த்து, கோர்க்கக் கொடுத்தீர்கள். ரெண்டு வேலையோடு நின்றுபோன சாமான்களை நீங்கள் சேர்த்ததே இல்லை.

நானும் மண்டியிலிருந்து என்னென்னவோ கொண்டுவந்தேன். கோணித் துணியை ஏற்றுக்கொண்டீர்கள், சொரசொரப்புக்கு. ஓட்டைச் சல்லடையை விளிம்பு மடக்கிக் கொடுத்த பிறகு வாங்கினீர்கள். மல்லாட்டைக்கு மட்டும் இடமே இல்லை.

“எங்க புள்ளைங்க பல்லு மொளைக்கறதுக்கு முன்னயே மல்லாட்டை திங்குதுங்க டீச்சர்,” என்றேன்.

“திங்கட்டும் அண்ணே, வூட்ல. அங்க ஒரு புள்ளைக்கி நாலு பேரு கண்ணு. இங்க அத்தினி புள்ளைக்கும் எனக்கு ரெண்டு கண்ணுதான்.”

அதற்குப் பிறகுதான் உங்களுக்கு ‘வேணாம் டீச்சர்’ என்று பேர் வைத்தேன். ஊரில் பாதிப் பேருக்கு நான் வைத்த பேர்தான் நிலைத்தது. உங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. நீங்களே அதைக் கேட்டுச் சிரிப்பீர்கள்.

அந்த வருஷம் பிள்ளையார் சதுர்த்திக்கு முன்னால், வல்லம் பக்கம் லோடு ஏற்றப் போன இடத்தில் வேலியெல்லாம் குண்டுமணி வெடித்துக் கிடந்தது. களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்க எல்லோரும் பறித்தார்கள். நானும் ஒரு மடி பறித்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்தேன். நீங்கள் டார்ச்சைக்கூட எடுக்கவில்லை. “வேணாம்,” என்றீர்கள்.

“சாமி கண்ணு டீச்சர் இது. புள்ளைங்களுக்கு ஆவாதா?”

“சாமி வாயில போட்டுக்காது அண்ணே.”

“சின்ன வயசுல நானே முழுங்கியிருக்கேன். மறுநாளே முழுசா வெளிய வந்துடுச்சி. எனுக்கு இன்னா ஆயிடுச்சி?”

“இன்னா ஆச்சின்னு பச்சையம்மாவத்தான் கேக்கணும்,” என்றீர்கள். அம்மாக்கள் எல்லோரும் சிரித்தார்கள். பச்சையம்மா குழம்புக் கரண்டியோடு எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

கேலி செய்கிறவனை யாராவது கேலி செய்தால் அது எங்கே போய்க் குத்தும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. கோபம் இல்லை டீச்சர். ஒரு வீம்பு. இந்த அம்மாவை ஒரு தடவையாவது ‘சரி’ என்று சொல்ல வைக்க வேண்டும் என்ற வீம்பு. தனித்தனி மணியாக இருந்தால்தானே வாயில் போடும், சரமாகக் கோர்த்துவிட்டால் என்ன செய்யும் என்று யோசித்தேன். ஒரு வாரம் சாயங்காலமெல்லாம் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, கோணி ஊசியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, ஒவ்வொரு மணியிலும் ஓட்டை போட்டேன். லேசில் இறங்காது. விரலெல்லாம் கொப்புளம். அடுப்பில் கை பட்டுவிட்டது என்று பச்சையம்மாவிடம் சொன்னேன். சணலைப் பிரித்து ஒரு முழம் கோர்த்தேன். சொல்லக்கூடாது, நன்றாகவே இருந்தது.

அமாவாசை அன்று மண்டி லீவு. நீங்கள் விழுப்புரத்தில் மீட்டிங். பச்சையம்மா சமையலில் இருந்தாள். நான் உள்ளே வந்து, நூல்கட்டை வைத்திருந்த கூடையில் அந்தச் சரத்தைப் போட்டேன். ஒரே ஒரு நாள்தான். நீங்கள் திரும்பி வந்து, பிள்ளைகள் அதை வைத்துக்கொண்டு சந்தோஷமாக விளையாடுவதைப் பார்க்க வேண்டும், நான் வாசலில் நின்றுகொண்டு, “இன்னா டீச்சர், வேணாமா?” என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம். கொஞ்ச நேரம் பார்த்தேன். ஒரு பிள்ளை கழுத்தில் மாட்டியது, ஒரு பிள்ளை தரையில் பாம்பு விட்டது. மூணாவது வேலையையும் கண்டுபிடிக்கட்டும் என்று டீ குடிக்கப் போனேன்.

சணல் அறுந்திருக்கிறது. பச்சையம்மா வந்து, மனசு மாறி நீங்கள்தான் கோர்த்து வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்து, சிதறியதையெல்லாம் கூட்டி அள்ளி எடுத்து வைத்தாள். ஜெனிபர் ரெண்டு மணியைக் கடித்துத் தின்றதை அவள் பார்க்கவில்லை.

மறுநாள் குழந்தைக்கு வாந்தி. சாயங்காலம் ரத்தமாகப் போனது. கவுன் மடிப்பில் மாட்டியிருந்த ஒரு மணியை மேரி எடுத்து டாக்டரிடம் காட்டினாள். அங்கிருந்து விழுப்புரத்துக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள்.

அதற்கு அடுத்த நாள் நீங்கள் மண்டிக்கே வந்துவிட்டீர்கள். மூட்டைகளுக்கு நடுவே, புடவையெல்லாம் தூசியாக, என் எதிரே நின்று உள்ளங்கையை விரித்தீர்கள். நடுவில் ஒரு குண்டுமணி.

“இதுல ஓட்ட போட்டது யாரு அண்ணே?”

“நான்தான்.”

“நீங்க சின்ன வயசுல முழுங்கினது ஓட்ட இல்லாதது. மேல் தோலு கல்லு மாதிரி. அது கரையாம வெளிய வந்துடும்னு டாக்டரு சொல்றாரு. ஓட்ட போட்டதாலதான் கொழந்த கடிச்சதும் ஒடஞ்சிடுச்சி. வெசம் எறங்கிடுச்சி.”

ஆபீசர் விசாரணைக்கு வருகிறார் என்றீர்கள். நானே வந்து சொல்லிவிடுகிறேன் என்றேன். நீங்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசியது இன்றைக்கும் அப்படியே காதில் இருக்கிறது.

“சொன்னா இன்னா ஆவும்? புள்ளைங்க இருக்கற நேரத்துல வெளி ஆள உள்ள உட்டது யாருன்னு கேப்பாங்க. ஆயான்னு எழுதுவாங்க. பச்சையம்மாவுக்கு வேல போயிடும். எனக்கு மாத்தலோட போயிடும். அந்த ரூமுக்குள்ள ஒரு சாமான் இருக்குதுன்னா அது நான் எடுத்து வச்சதுதான். நீங்க வாயத் தெறக்கக் கூடாது. பச்சையம்மாகிட்டயும் சொல்லக் கூடாது, அது மனசுல எதுவும் நிக்காது. எனக்கு வாக்குக் குடுங்க.”

கொடுத்தேன். கொடுக்கும்போது என் மனசுக்குள் ஒரு ஓரத்தில் அப்பாடா என்று இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

விசாரணை முடிந்து நீங்கள் வெளியே வந்தபோது மேரி வாசலில் நின்றிருந்தாள். குனிந்து ஒரு கை மண்ணை அள்ளி உங்கள் முகத்தில் எறிந்தாள். நாலு வீடு தள்ளி நான் நின்றிருந்தேன். நீங்கள் முகத்தைத் துடைக்கவில்லை. “கொழந்தைக்கி இன்னிக்கி கஞ்சி உள்ள எறங்கிச்சாம்மா?” என்று கேட்டீர்கள். பிறகு நீங்கள் போய்விட்டீர்கள்.

வல்லம் பக்கம் ஒரு கிராமத்துக்கு உங்களை மாற்றினார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி நெடுந்தூரம் நடக்க வேண்டிய ஊர். ‘வேணாம் டீச்சர்’ போய் ‘குண்டுமணி டீச்சர்’ வந்தது. யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருத்தன் என் முதுகில் தட்டி, “யோவ், இந்தப் பேரு நீ வச்சதுதான? சரியா வச்ச போ,” என்றான். நான் இல்லை என்று சொல்லவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்போதுதான் பஸ்ஸிலிருந்து நீங்கள் சாப்பாட்டுப் பையோடு இறங்கினீர்கள். கேட்டிருக்கிறீர்கள். கிட்டே வந்து, “நல்லா கீறீங்களா அண்ணே? ஜெனிபர் ஸ்கூல் சேந்துடுச்சா?” என்றீர்கள்.

அதற்குப் பிறகு எப்போது பார்த்தாலும் அந்த ஒரு கேள்விதான். ஜெனிபர் எந்த கிளாஸ்? வயிற்று வலி ஏதாவது வருகிறதா? நன்றாகச் சாப்பிடுகிறதா? அவள் பத்தாவது பாஸ் பண்ணினதைச் சொன்னபோது, பேக்கரிக்கு இழுத்துக்கொண்டு போய் எனக்குத் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தீர்கள். யார் பெற்ற பிள்ளை பாஸானதற்கோ நான் பன் தின்றேன். அது தொண்டையில் இறங்குவதற்குள் பெரும் பேஜாராகிவிட்டது. நீங்கள் டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, டார்ச் குழாயை என் வாயருகே பிடிக்கிற மாதிரி கையைக் குவித்துக் காட்டினீர்கள். அதுதான் நாம் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு என்று நினைக்கிறேன்.

இனி வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

ஜெனிபர் உங்களைப் பற்றிச் சொல்லி முடித்தபோது நான் உள்ளே போனேன். “அந்த டீச்சர் வெக்கல. நான்தான் வச்சேன்,” என்றேன்.

அத்தனை பேரும் சிரித்தார்கள் டீச்சர். “தாத்தா ஆரம்பிச்சிடுச்சிடி,” என்றாள் ஒருத்தி. “நெலாவுக்கு ராக்கெட்டு வுட்டதும் நீதான் தாத்தா, தெரியும் போ,” என்றாள் இன்னொருத்தி. பச்சையம்மா, “எதுல வெளையாடறதுன்னு இல்ல ஒனுக்கு?” என்று அதட்டினாள். ஆயுசு பூரா பொய்யும் கேலியுமாகப் பேசியவன் ஒரு நிஜத்தைச் சொன்னால் அதற்கு என்ன மரியாதை? நான் சிரிக்காமல் நின்றதைக்கூட அவர்கள் நடிப்பு என்றுதான் நினைத்தார்கள்.

புது டீச்சரின் துப்பட்டாவிலிருந்து ஒரு மணியை எடுத்து ஜெனிபரிடம் காட்டினேன். “இதுல ஓட்ட இல்ல பாரு. ஒங்கம்மா ஒன் கவுனுலேர்ந்து எடுத்ததுல ஓட்ட இருந்துச்சி. கோணி ஊசிய காய்ச்சி நான் போட்டது. டீச்சர் வேணாம்னாங்க. அவங்க விழுப்புரம் போயிருந்தப்ப கொண்ணாந்து கூடைல போட்டேன்.”

சிரிப்பு ஒவ்வொருத்தியாக நின்றது. பச்சையம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, என் விரல்களைப் பார்த்தாள்.

“அடுப்புல கை பட்டுச்சின்னு சொன்னியே,” என்றாள்.

“அது பொய்.”

“அப்ப அந்தம்மா ஏன் தான் வச்சதா சொன்னாங்க?”

“ஒன் வேலைக்கி. வெளி ஆள உள்ள உட்டேன்னு ஒன்ன தூக்கிடுவாங்கன்னு.”

அவள் பாயிலிருந்த ஒரு கொட்டாங்குச்சியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதன் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். நீங்கள் மாற்றலாகிப் போன அன்று, குழந்தையை இப்படிப் பண்ணிவிட்டீர்களே என்ற கோபத்தில், உங்களிடம் போய்விட்டு வாங்க என்றுகூடச் சொல்லாதவள் அவள்.

தேங்காய் பன் விஷயத்தை ஜெனிபரிடம் சொன்னேன். நின்றபடியே கேட்டாள். அவள் குழந்தை என் வேட்டியைப் பிடித்து இழுத்து விளையாடியது. அதன் கையை மெதுவாக எடுத்துவிட்டாள். “எங்கம்மாகிட்ட நீயே வந்து சொல்லு தாத்தா. நான் சொன்னா நம்பாது,” என்றாள்.

அன்று சாயங்காலமே போனேன். மேரி வாசலில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். சொல்லி முடிக்கும்வரை கீரையை விட்டுக் கையை எடுக்கவில்லை. உங்கள் பேச்சு வந்த இடத்தில் மட்டும் காம்போடு உருவிவிட்டாள்.

“நான் மண்ண வாரி எறிஞ்சப்ப நீயும் அங்கதான் நின்ன, மாமா?”

“நின்னேன்.”

“அவங்களும் பேசல. நீயும் பேசல. நான் ஒருத்திதான் இத்தினி வருஷமும் கத்திக்கினு கெடந்திருக்கேன்.”

உருவின கீரையை முறத்தில் தள்ளிவிட்டு அவளே கேட்டாள்.

“அத்தைக்கு வேல போயிடும்னு சொல்லாம இருந்த. சரி. அத்தைக்கு வேல முடிஞ்சி ஆறு வருஷம் ஆவுது. அந்தம்மா செத்து நாலு மாசந்தான் ஆவுது. நடுவுல இன்னா பண்ணிக்கினு இருந்த?”

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன் நான். மண்டி முதலாளியையே வாயடைக்க வைத்தவன். மேரியின் கேள்விக்கு ஒன்றும் இல்லை. அவள் கேட்கும்வரை நானே அதைக் கேட்டுக்கொண்டதில்லை என்று சொன்னால் பொய். பச்சையம்மாவுக்கு மாலை போட்டு அனுப்பிவைத்த அன்றே கேட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு, கேட்கிறவர்கள் யாருமில்லையே, எதற்கு என்று இருந்தேன். அப்புறம் வாக்கு கொடுத்திருக்கிறேனே என்று உங்கள் பின்னாலேயே ஒளிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் உங்கள் மகன் வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறாள் மேரி. உங்கள் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார வேண்டுமாம். என்னையும் வரச் சொல்லியிருக்கிறாள். மகனிடம் நான்தான் சொல்ல வேண்டுமாம். போவேன். பச்சையம்மாவும் வருகிறாள், ஆனால் என்னோடு பேசாமல் வருகிறாள். தட்டில் சோறு வைக்கிறாள், செம்பில் தண்ணீர் வைக்கிறாள், பேச்சு மட்டும் இல்லை. ரெண்டு தடவை கேலி பேசிப் பார்த்தேன். சுவரோடு பேசுகிற மாதிரி இருந்தது. நிறுத்திக்கொண்டேன்.

வாக்கை மீறியதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன் டீச்சர். எழுதி முடிக்கும்போது அது வேண்டியதில்லை என்று படுகிறது. நீங்கள் என்னிடம் வாக்கு வாங்கியது பச்சையம்மாவின் வேலைக்காக. அந்த வேலை முழுசாக முடிந்து, மாலையும் சால்வையும் போட்டு அவளை அனுப்பிவைத்தார்கள். அதுவரைக்கும் என் வாயை மூடியது நீங்கள். அதற்குப் பிறகு, நீங்கள் விழுப்புரத்தில் மகன் வீட்டில் உயிரோடு இருந்து அந்தப் பேரைக் காதில் வாங்கிக்கொண்டிருந்த ஆறு வருஷம், மூடியது நான். அதை உங்கள் மேல் போட முடியாது. அந்த ஆறு வருஷத்தை நான்தான் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.